வைரவருக்கு வந்த கடிதம்

வீட்டின் பின்புறம், வேலியை ஒட்டி, வைரவருக்கு ஒரு சின்ன அறை கட்டினேன். இங்கே டென்மார்க்கில் கொம்யூன் எனப்படும் நகரசபையிடம் அனுமதி கேட்கவில்லை. சாமிக்கு எதற்கு அனுமதி என்ற திமிர்தான். ஒரு வருடம் கழித்துக் கடிதம் வந்தது. எல்லைக்கு மிக அருகில் கட்டியிருக்கிறீர்கள், இடித்து அகற்றவும்.

உள்ளே ஒரு சூலம் மட்டுமே நட்டிருந்தோம். ஆனால் அதை நட்ட பிறகுதான் என் மனைவி உறங்கத் தொடங்கினாள். போர்க்காலத்தில் தொலைந்த உறக்கம். டென்மார்க்கின் மாத்திரைகள் எதுவும் அதைத் திருப்பித் தரவில்லை. “அவர் காவலுக்கு நிக்கிறார்,” என்பாள். வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வீட்டு நாய் வேலிக்கு அப்பால் வந்து, குரைக்காமல், அறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். வைரவரின் வாகனம் நாய் என்று அதற்கு யார் சொன்னார்கள்?

மேன்முறையீட்டுக்கு நான்கு வாரம் தந்தார்கள். தோட்டக் கருவிகள் வைக்கும் கொட்டில் என்றால் எல்லையருகே இருக்கலாம் என்று அறிந்தேன். என் குறுக்குப் புத்தி வேலை செய்தது. ‘இது கருவிக் கொட்டில். வழிபாட்டு இடமல்ல. உள்ளே ஒருவரும் இல்லை, இருந்ததும் இல்லை’ என்று டேனிஷில் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

கொம்யூனிலிருந்து பார்வையிட வருவதற்கு முதல்நாள் சூலத்தைப் பிடுங்கினேன். சந்தனத்தைத் துடைத்து, மண்வெட்டிகளோடு சாத்தி வைத்தேன்.

“அவரையே பிடுங்கிறியள்?” என்றாள் மனைவி.

“ரெண்டு நாளைக்குத்தானப்பா.”

அதிகாரிப் பெண் வந்து அளந்தாள், படமெடுத்தாள், புன்னகையோடு போனாள். அன்று வெள்ளிக்கிழமை. நாய் வந்தது, ஆனால் உட்காரவில்லை. யாரோ எங்கள் வாசலைக் கடந்து நடந்து போவதைப் பார்ப்பதுபோல், தெருமுனை வரைக்கும் மெல்லத் தலையைத் திருப்பியது. தெருவில் ஒருவரும் இல்லை.

ரெண்டு நாள் என்றது நீண்டு, சில மாதங்கள் கழித்துத்தான் தீர்ப்பு வந்தது. வென்றுவிட்டோம். அதே குழியில் சூலத்தை நட்டு, வடைமாலை சாத்தி, விளக்கேற்றினோம். மனைவி சீக்கிரமே வெளியே வந்துவிட்டாள்.

“என்னப்பா, கும்பிடேல்லையோ?”

“ஆரை? அங்கை ஒருத்தரும் இல்லையெண்டு நீங்கள்தானே எழுதிக் குடுத்தனியள். அவர் போயிட்டார்.”

சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அவள் மறுபடியும் உறங்குவதில்லை. படுக்குமுன் வாசற்கதவின் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறாள். அவள் படுத்த பிறகு நானும் போய் இழுத்துப் பார்க்கிறேன்.