மாப்பிள்ளைக்குக் கேட்காத சத்தம்

என் தங்கை புருஷனைப் போல ஒரு வீம்புக்காரனை நான் பார்த்ததில்லை. தங்கையைக் கட்டுவதற்கு முன்பே எனக்குச் சிநேகிதன், அதனால் 'அவன்' என்றுதான் சொல்வேன். மாப்பிள்ளை மரியாதையெல்லாம் கல்யாணத்தன்றோடு சரி. பிக்கப் வண்டிகளுக்கு ஜாயிண்ட் மாற்றுவதுதான் அவன் பிழைப்பு. எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளக் குழாயின் இரண்டு முனையிலும் கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்பு இருக்கும். கிராஸ் என்போம், அது மாட்டியிருக்கிற இணைப்புதான் ஜாயிண்ட். அதன் நாலு கையிலும் நாலு கிண்ணம், கிண்ணத்துக்குள் சுற்றிலும் ஊசி ஊசியாகக் கம்பிகள். மாட்டும்போது ஒரு ஊசி சாய்ந்தாலும் கிண்ணம் உட்காராது. மாப்பிள்ளை ஒவ்வொன்றையும் கிரீஸ் தொட்டு ஒட்டவைத்து, "படுத்துராதடி என் தங்கம்" என்று கொஞ்சுவான். பெற்ற மகளைக்கூட இப்படிக் கொஞ்சினதில்லை என்று தங்கை சிரிப்பாள்.

அவனுக்குக் காது மந்தமாகிச் சில வருஷமாகிறது. வெளியே மூச்சு விடவில்லை. காது போன மெக்கானிக்கிடம் எவன் வண்டி விடுவான் என்ற பயம். அதனால் வண்டியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினால் தங்கையும் கூடவே ஏறிக்கொள்வாள். முன் ஜாயிண்ட் கத்தினால் அவன் முழங்காலைத் தட்டுவாள், பின்னது என்றால் முதுகைத் தட்டுவாள். பார்க்கிறவர்கள், "இந்த வயசுல ஜோடி போட்டு ஊர் சுத்தறாங்கய்யா" என்று கேலி செய்வார்கள். என்னிடம் மட்டும் தங்கை விஷயத்தைச் சொல்லியிருந்தாள். "உனக்குத் தெரியும்னு தெரிஞ்சாலே ஷெட்டைப் பூட்டிருவாரு. வாயைத் திறந்த, அண்ணன்னுகூடப் பார்க்க மாட்டேன்."

போன மாதம் மகளுக்குப் பிரசவம் என்று தங்கை வெளியூர் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்தா என் வண்டி கத்தித் தொலைக்க வேண்டும்! மெதுவாகப் போனால் காலுக்கடியில் 'கீச் கீச்'. நான் முட்டை ஏற்றுகிறவன், மறுநாள் லோடோடு மலை ஏற வேண்டும். ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். மாப்பிள்ளை அடியில் படுத்துக் குழாயை இரண்டு கையாலும் திருகிப் பார்த்தான். பிறகு என்னை ஏற்றிக்கொண்டு தெருவை ஒரு சுற்று வந்தான். தலையைச் சாய்த்துக் கேட்கிற மாதிரி நடிப்பு வேறு!

"ஆட்டமே இல்ல மச்சான். ஜாயிண்ட் ஜம்முனு இருக்கு. எடுத்துட்டுப் போ."

தேய்ந்த ஜாயிண்ட் கையில் ஆடும். கிரீஸ் வற்றிக் காய்ந்தது சில சமயம் ஆடாது, கத்த மட்டும்தான் செய்யும். அதைக் கையால் கண்டுபிடிக்க முடியாது, லோடோடு ஏறும்போது உடைந்து குழாயே கழன்று விழும். சொன்னால் இவன் மானம் போகும், சொல்லாவிட்டால் மலையில் என் உயிர் போகும். ஓரமாகப் போய்த் தங்கைக்குப் போன் போட்டேன். அவள் சொன்னபடி, சத்தம் அவளுக்கும் கேட்கட்டும் என்று போனை அணைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இன்னொரு சுற்று ஓட்டிவிட்டு வந்தேன்.

"முன் ஜாயிண்ட்தாண்ணே. எப்படியாவது கழட்ட வை" என்றாள். அவசரத்தில் நான் போனை அணைக்காமலே பையில் போட்டுக்கொண்டேன்.

மாப்பிள்ளை முகத்துக்கு நேராக நின்று, "எதுக்கும் முன் ஜாயிண்ட்டைக் கழட்டிரு. என் மனத் திருப்திக்கு" என்றேன்.

முறைத்துக்கொண்டே கழற்றினான். கிண்ணத்தைக் கவிழ்த்ததும் செங்கல் பொடி மாதிரி துரு கொட்டியது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"இது கத்தியிருக்குமே மச்சான்."

"கத்துச்சு."

"எனக்குக் கேக்கல." அவன் கண் கலங்கியது. "உன்னைக் கொன்னுருப்பேனே! போதும். இன்னியோட ஷெட்டை மூடிடறேன்."

நானும் சேர்ந்து அழவா முடியும்? திட்டினேன். "மூடுவ, மூடுவ! காது போனா கையும் சேர்ந்து போயிடுச்சா?" அதற்குள் சட்டைப் பையிலிருந்து தங்கை அலறினாள். "அண்ணே, போனை அவர் காதுல வை!"

வைத்தேன். அவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எழுந்து நின்று பார்த்தார்.

"முதல்ல புது ஜாயிண்ட்டை மாட்டுங்க! நான் இருக்கிறப்ப நான் கேட்டுச் சொல்றேன். நான் இல்லாத அன்னிக்கு வாயைத் திறந்து நாலு பேர்கிட்ட விசாரிங்க. கொறஞ்சா போயிருவீங்க?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு புதுக் கிராஸை எடுத்தான். மாட்டி, கிரீஸ் அடித்து, இரண்டு பேருமாக வண்டியில் கிளம்பினோம். தெருமுனை தாண்டியதும், "கத்துதா?" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

திரும்பி வந்தபோது ஷெட் வாசலில் பால் வண்டிக்காரத் தம்பி காத்திருந்தான். மாப்பிள்ளை இறங்கி நேராக அவனிடம் போனான். தொண்டையைச் செருமினான்.

"தம்பி, எனக்குக் காது கேக்காது. என்ன சத்தம்னு நீதான் சொல்லணும்."

அந்தத் தம்பி கொஞ்சமும் அசரவில்லை. அவன் காதருகே வந்து, "அது தெரியும்ணே, எல்லாருக்கும்தான் தெரியுமே" என்று உரக்கச் சொன்னான். "பின்னாடி டொக்கு டொக்குங்குது, கொஞ்சம் பாருங்க."

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி ஒரு முறை முறைத்தான். "சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லலடா!" என்று கத்தினேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டியை உள்ள விடு தம்பி" என்றான்.