ரொட்டிக்காரன் போட்ட கையெழுத்து

பத்தொன்பது வருஷமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு விடுமுறை நாள் என்றால் படுக்கைதான் சொர்க்கம். இவள் அந்தச் சொர்க்கத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டு நாற்பத்தொரு வயதில் ரிசர்வ் படையில் போய்ச் சேர்ந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிறு பயிற்சி. வெள்ளமோ சண்டையோ வந்தால், கூப்பிட்ட குரலுக்குப் போக வேண்டும். அதே பன்னிரண்டாம் எண் தடம், அதே முப்பத்தொரு நிறுத்தம். அலுத்துவிட்டது. ஒரு தடவையாவது நிறுத்தமே இல்லாத சாலையில் வண்டி ஓட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

"ஆறு நாள் பஸ்ஸு, ஏழாவது நாள் லாரி. பொறக்கும்போதே ஸ்டியரிங்கோட பொறந்தியாம்மா?" என்று மகள் கேட்டாள். கணவர் ஞாயிறு சமையல் தன் தலையில் விழுந்ததை நினைத்துப் பெருமூச்சு மட்டும் விட்டார்.

லாரிப் பிரிவில் அவளுக்குப் பஸ்ஸக்கா என்று பெயர் விழுந்தது. அங்கே ஒரு சட்டம் உண்டு. புதிதாக வந்தவர் ஆறு மாதத்துக்குள் பழைய ஆள் ஒருவரைப் பிடித்து, வழிகாட்டிப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். வாங்காவிட்டால் சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். கேட்கச் சுலபம்தான். ஆனால் கையெழுத்துப் போட்டவர் அடுத்த ஒரு வருஷத்துக்குப் படையை விட்டு விலக முடியாது. அதனால் படிவத்தைக் கண்டதும் ஆளாளுக்கு ஒரு வேலை வந்துவிடும். ஒருவருக்கு முட்டிவலி. இன்னொருவர், "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றார். ஐந்து மாதமாக யோசித்துக்கொண்டேயிருந்தார்.

மிஞ்சியவன் ரொட்டிக்காரன். முப்பதைத் தொடாத வயது, ஒன்பது வருஷ அனுபவம். மற்ற நாட்களில் பேக்கரியில் மாவு பிசைகிறவன். ஊர் எழுந்திருக்கும்போது அவனுக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். லாரியின் பக்கக் கண்ணாடியை எப்படித் திருப்பினால் பின்சக்கரம் தெரியும், பூட்ஸ் கயிற்றை எங்கே தளர்த்தினால் காலில் கொப்புளம் வராது, எல்லாம் அவன்தான் கேட்காமலே சொல்லித் தந்தவன். படிவத்தை நீட்டியபோது மட்டும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"மன்னிச்சுக்கங்கக்கா. இந்த மாசத்தோட நான் விலகுறேன். வீட்ல தினம் சண்டை."

ஆறாவது மாதத்தின் கடைசி ஞாயிறும் வந்தது. அன்று அணிவகுப்பு ஓட்டம். நான்கு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நாற்பது மீட்டர் இடைவெளியில் போக வேண்டும். முன்வண்டி நிற்காமல் யாரும் நிற்கக் கூடாது. இரண்டாவது வண்டி அவளுடையது, மூன்றாவது ரொட்டிக்காரனுடையது. மதிய வெயில். உடம்பில் ஆறு நாள் அலுப்பு சேர்ந்திருந்தது. ஆனாலும் நீண்ட சாலை, மணி அடிக்க ஆளில்லை, சில்லறைக்குச் சண்டையில்லை. சந்தோஷமாகத்தான் ஓட்டினாள்.

ஒரு வளைவில், ஓரமாக நின்றிருந்த பெரியவர் கையைத் தூக்கினார்.

அவ்வளவுதான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அவள் யோசிப்பதற்குள் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டி, பெரியவருக்கு நேராகக் கச்சிதமாக நிறுத்தினாள். வெயிலுக்காக நெற்றியில் கைவைக்கப் போன பெரியவர் திகைத்துப் போய்ப் பார்த்தார். அடுத்த நொடி பின்னாலிருந்து 'டமார்' என்று சத்தம். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ரொட்டிக்காரன் வண்டியில் ஒரு முகப்பு விளக்கு நொறுங்கி பம்பர் நசுங்கியிருந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதல் வண்டியிலிருந்து சார்ஜன்ட் இறங்கி வந்தார். "எதுக்கு நிறுத்தினே?"

"கை காட்டினாரு சார். பஸ்ஸுன்னு நெனச்சு கால் தானா போயிருச்சு."

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சார்ஜன்டுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "நாப்பது மீட்டர் இருந்துச்சே? பின்னாடி வந்தவன் என்ன பண்ணிட்டிருந்தான்?"

ரொட்டிக்காரன் தலை குனிந்து நின்றான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. "நான் சடார்னு பிரேக் அடிச்சுட்டேன் சார். தப்பு என்னோடதுதான்" என்றாள்.

"படிவத்துல கையெழுத்து இருக்கா? இல்லையா? அஞ்சு மணிக்குள்ள குடு. இல்லேன்னா இதோட சரி."

சார்ஜன்ட் போன பிறகு ரொட்டிக்காரன் மெதுவாக அவளிடம் வந்தான். படிவத்தை வாங்கி, பானட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான். அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. ஆனால் அவன் முகத்தில் ஏதோ சரியில்லை.

"எதுக்கு திடீர்னு போட்டே தம்பி?"

"நீங்க நின்னதே எனக்குத் தெரியாதுக்கா. கண்ணு சொக்கிருச்சு. முட்டின சத்தத்துலதான் முழிச்சேன். பழிய நீங்க ஏத்துக்கிட்டதுனாலதான் தப்பிச்சேன், அது அப்படியே இருக்கட்டும்க்கா."

அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அவன் தூங்கியதற்குக் கூட இல்லை. தான் ஆறு மாதமாகக் கெஞ்சியது இப்படி வாயை மூடுகிற விலையாக வந்து சேர்ந்ததற்கு. திட்டுவதற்கு வாயெடுத்தாள். அதற்குள் அவன் போன் அடித்தது. மனைவி.

"நீங்களே பேசுங்கக்கா. இன்னும் ஒரு வருஷம்னு நான் சொன்னா தாங்கமாட்டா" என்று போனை அவள் கையில் திணித்தான்.

அவள் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு கூச்சலையாவது எதிர்பார்த்தாள். வரவில்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவர் ஓட்டும்போது தூங்குறாரா? எத்தனையோ பேர்கிட்ட கேட்டுட்டேன். சிரிச்சு மழுப்புறாங்களே தவிர ஒருத்தரும் சொல்லமாட்டேங்கிறாங்க."

இல்லை என்றால் சீருடை அவளுக்கு. ஆமாம் என்றால் அந்தப் பெண் இவனை இன்றைக்கே இழுத்துக்கொண்டு போய்விடுவாள். இன்னும் முத்திரை விழாத கையெழுத்தும் அதோடு போகும். அவளுக்கு ரொம்பக் களைப்பாக இருந்தது. மூடிய கண்ணோடு வண்டி ஓட்டுவது என்னவென்று அவளுக்குத் தெரியாதா?

"ஆமாம்மா. இன்னைக்குத் தூங்கினாரு. முட்டிட்டாரு. காயம் ஒண்ணும் இல்ல."

 "திரும்பி வரும்போது அவரை ஓட்ட விடாதீங்கக்கா" என்று அந்தப் பெண் அழுகையோடு சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

பஸ்ஸக்கா படிவத்தை அவனிடமே நீட்டினாள். "இந்தா. கிழிச்சுப் போடு. எனக்கு இப்படி வேண்டாம்."

அவன் வாங்கவில்லை. நசுங்கிய பம்பரைப் பார்த்தான். பிறகு லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு நேராகச் சார்ஜன்டிடம் போய் நடந்ததைச் சொன்னான். அவர் கத்திய கத்தல் நான்கு வண்டிக்கும் கேட்டது. ஒரு வருஷத்துக்கு அவன் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றார். பிறகு அவளைக் கூப்பிட்டுப் படிவத்தை வாங்கி, முன்னும் பின்னும் புரட்டினார்.

"ஓட்டக்கூடாதுன்னுதான் சொன்னேன். சொல்லிக் குடுக்கக்கூடாதுன்னு சொல்லல" என்று முனகியபடி முத்திரையைக் குத்தினார்.

மூன்றாவது வண்டியில் வேறு ஆள் ஏறினார். ரொட்டிக்காரன் அவள் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தான்.

"கண்ணு முன்வண்டி மேலயே இருக்கட்டும்க்கா. ஓரத்துல யாரு நின்னாலும்..."

சொல்லி முடிக்கவில்லை. தலை கதவுப் பக்கம் சாய்ந்தது, வாய் பிளந்துகொண்டது. வண்டி இரண்டாவது கியருக்கு வருவதற்குள் வழிகாட்டி தூங்கிப் போனான். அவள் எழுப்பவில்லை. படை முகாம் வருகிற வரைக்கும் குலுக்காமல் ஓட்டினாள்.