பிலோமினா சிஸ்டர் திருத்த மறுத்த அளவு

செய்தி வந்தபோது நான் ஷார்ஜாவில் டூட்டியில் இருந்தேன். ஒரு கட்டடத் தொழிலாளியின் மணிக்கட்டை எக்ஸ்ரே பலகையில் வைத்து, அசையாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம். அஜ்மானில் பிலோமினா அக்காவோடு ஒரே ரூமில் தங்கியிருந்த பெண் அழைத்தார். "அண்ணே, பிலோமி அக்கா போயிட்டாங்க. டூட்டிக்குக் கிளம்பி பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, அவ்வளவுதான்." படத்தை எடுத்து முடித்துவிட்டுத்தான் நான் உட்கார்ந்தேன். பாதியில் விட்டிருந்தால் அவரே வந்து திட்டியிருப்பார்.

மறுநாள் ஊர்ச் சங்கத்தார் அஞ்சலித் தாள் அச்சிட்டார்கள். 'சாந்த சொரூபி, அதிர்ந்து பேசாதவர், யார் மனமும் நோக நடக்காதவர்' என்று இருந்தது. படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பிலோமினா சிஸ்டர் பேசினால் இரண்டு அறை தாண்டிக் கேட்கும். அவரால் பலர் மனம் நொந்திருக்கிறது. அவை நோக வேண்டிய மனங்கள். அவரைச் சாந்தமாக்கி ஊருக்கு அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் குமரி மாவட்டக் கடற்கரைக்காரர். கணவர் இளவயதில் இறந்துவிட, ஒரே மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வளைகுடாவுக்கு வந்தவர். முதலில் சவூதியில், தம்மாமில், எலும்பு முறிவு வார்டில் நர்ஸாகப் பல வருடம். சைட்டில் விழுந்தவர்களையும் வண்டியில் நசுங்கியவர்களையும் பார்த்துப் பார்த்து, அங்கேதான் அரபியும் கற்றார், வசவும் கற்றார். இந்த நூற்றாண்டு பிறந்த புதிதில், வளைகுடா நாடு ஒன்றின் விமானப்படைப் பயிற்சிப் பள்ளியில் கிளினிக் நடத்திய ஒரு கான்ட்ராக்ட் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். நான் அங்கே எக்ஸ்ரே டெக்னீஷியன். எந்த நாடு என்று எழுதவில்லை. இன்னும் நம்மவர்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள்.

சிறிய விமானத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்த பையன்கள் அங்கே மூன்று வழியாகப் பிரிவார்கள்: போர் விமானம், சரக்கும் ஆட்களும் ஏற்றும் பெரிய விமானம், ஹெலிகாப்டர். பயிற்சியாளர்கள் போட்ட மதிப்பெண், படைக்கு எங்கே ஆள் தேவை, பையனின் விருப்பம் எல்லாம் சேர்ந்து அதை முடிவு செய்யும். முதலிடம் வந்தவன் போர் விமானத்துக்கு என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ஹெலிகாப்டர் என்றால் வீட்டில் இனிப்புகூட வாங்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் நடுவே உடம்பு என்று ஒன்று இருக்கிறது. போர் விமானத்தில் ஆபத்து வந்தால் இருக்கை வெடித்து, விமானியை அப்படியே மேலே தூக்கி எறியும். தொடை நீளமானவன் என்றால் அந்த வேகத்தில் முழங்கால் முன்பலகையில் மோதிச் சிதறும். அதனால் சுவரோடு முதுகு சேர்த்து உட்காரவைத்து, இடுப்பிலிருந்து முழங்கால் வரை அளப்பார்கள். ஒரு வரம்பு உண்டு. தாண்டினால் போர் விமானம் இல்லை. மற்ற இரண்டிலும் அந்த இருக்கை கிடையாது, அந்தக் கவலையும் கிடையாது.

அளப்பது பிலோமினா சிஸ்டர். கால் நீண்ட பையன்கள் முழங்கால்களை விரித்துவைத்து அளவைக் குறைக்கப் பார்ப்பார்கள். உட்கார்ந்த உயரத்துக்கும் ஒரு வரம்பு உண்டு என்பதால், உயரமானவர்கள் இடுப்பை முன்னே நகர்த்திக் கூனுவார்கள். சிஸ்டர் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்துப் பார்ப்பார். இடைவெளி இருந்தால் தோளில் ஒரு தட்டு. "முதுகு ஒட்டு! முட்டு ஒட்டு! யல்லா, சீக்கிரம்!" குமரிக்காரர்களுக்கு முழங்கால்தான் முட்டு. அந்த நாட்டு விமானப்படையில் ஒரு தலைமுறைக்கே 'ஒட்டு' என்ற ஒரு தமிழ்ச் சொல் தெரியும். அதற்காக யாரும் அவருக்கு விருது கொடுக்கவில்லை.

ஒரு வருடம் சயீத் என்ற பையன் முதலிடம். பனைமரம் மாதிரி வளர்ந்தவன். பறப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்றார்கள். அவன் மாமா படையில் பெரிய பதவியில் இருந்தார். சிஸ்டர் அளந்தார். வரம்பை ஒரு விரல் அகலம் தாண்டியது. மறுபடி அளந்தார், அதேதான். எழுதி வைத்துவிட்டார்.

மறுநாள் எங்கள் டாக்டர் வந்தார். சென்னைக்காரர், தன்மையான மனிதர். எக்ஸ்ரே அறைக்கும் அளக்கும் அறைக்கும் நடுவே கதவு எப்போதும் திறந்துதான் இருக்கும். எல்லாம் காதில் விழுந்தது.

"சிஸ்டர், ஒரு விரல் அகலம்தானே? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி எழுதிடுங்க. மேலிடத்துல கேக்கறாங்க."

"அதை ஏன் எனக்க கையால எழுதணும்? நீங்க அளந்து நீங்களே எழுதுங்க டாக்டரே."

"உங்க கான்ட்ராக்ட் அடுத்த மாசம் ரின்யூவலுக்கு வருது. பொண்ணு காலேஜ்ல படிக்குதுல்ல? யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சாச்சி. எனக்க மவளுக்கு ஃபீஸ் கட்ட வேற ஆஸ்பத்திரி இருக்கு. அந்தப் பயலுக்கு வேற முட்டு இருக்கா?"

டாக்டர் போய்விட்டார். அவருக்கும் உண்மை தெரியும். இரண்டு நாளில் வேறொருவர் அளந்தார், வேறொரு அளவு வந்தது. சிஸ்டருக்கு விசா ரத்து என்று தகவலும் வந்தது. கிளினிக்கில் எல்லோரும் அவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்றார்கள். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ், வருடம் ஒரு டிக்கெட், பென்ஷன் மாதிரி நிம்மதியான வேலை, இதைப்போய் ஒரு பணக்காரப் பையனின் காலுக்காக விடுவார்களா என்று சிரித்தார்கள். அவன் பணக்காரன்தான். அதனால் எலும்பு இரும்பாகிவிடுமா?

கிளம்புவதற்கு முன் அவர் சயீதை நடைபாதையில் மடக்கிப் பிடித்தார். பேசியது அரபி. எனக்குக் கேட்டதென்னவோ குமரிக் கடற்கரைத் தமிழ்தான்.

"இங்க வா மக்கா. உனக்க பேருக்கு நேரா ஒரு அளவு எழுதியிருக்கு பாரு, அது பொய். நான் எழுதினது வேற."

அவன் முகம் சிவந்துவிட்டது. "நீங்க யாரு அதைச் சொல்ல? சின்ன வயசுலேர்ந்து எனக்கு இது ஒண்ணுதான் ஆசை."

"ஆசைப்படு. வேண்டாம்னு யாரு சொன்னா? சீட்டு வெடிச்சு மேல போவும்போ ஒடியப்போறது உனக்க முட்டா, மாமனுக்க முட்டா? நான் தம்மாம்ல அந்த மாதிரி ஒடிஞ்ச முட்டுகள வாரிக் கட்டினவ. தெரிஞ்சிட்டே ஏறணும்னா ஏறு. தெரியாம ஏறக்கூடாது, கேட்டியா? கலாஸ், அவ்வளவுதான்."

அவன் நடந்துவிட்டான். சிஸ்டர் என் பக்கம் திரும்பி, "என்ன படக்காரா, வாயப் பொளந்துட்டு நிக்க? டீ போடு" என்றார். டீ குடித்துவிட்டுத்தான் போனார். அழவில்லை. கைப்பையிலிருந்து அத்தர் எடுத்துப் பூசிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவர் போல வண்டி ஏறினார்.

அவர் போன பிறகுதான் பையன்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எந்த விமானம் என்று அறிவிக்கும் நாள் வந்தது. அதிகாரிகள் முன்னால் நிற்கவைத்து, விருப்பம் என்ன என்று கேட்பார்கள். முதலிடக்காரனிடம் கேட்பது வெறும் சடங்கு. சயீத் 'ஹெலிகாப்டர்' என்றான். தவறிச் சொல்லிவிட்டான் என்று நினைத்து மறுபடி கேட்டிருக்கிறார்கள். போர் விமானத்துக்கு என் தொடை நீளம் அதிகம், சிஸ்டர் அளந்ததுதான் சரியான அளவு என்று அத்தனை பேர் முன்னிலும் சொன்னானாம். மாமா எழுந்து வெளியே போய்விட்டார் என்று அங்கே டீ கொடுக்கப் போன நம் ஊர்க்காரர் வந்து சொன்னார்.

நான் உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். அப்போது அஜ்மானில் ரூம் எடுத்து, ஷார்ஜாவில் ஒரு சின்ன கிளினிக்கில் சேர்ந்திருந்தார், பாதிச் சம்பளத்துக்கு. கேட்டுவிட்டு, "ஆங், பொறவு? அவனுக்க முட்டு, அவன் சொல்லுதான். எனக்கென்ன?" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். என் போன் கார்டில் காசு தீரும்வரை சிரித்தார்.

சில வருடம் கழித்து நானும் ஷார்ஜாவுக்கு வந்தேன். அந்த வேலை போனதற்காக அவர் ஒருநாளும் வருந்தி நான் கேட்டதில்லை. மகள் படித்து முடித்தாள். அக்காவின் குரலும் குறையவில்லை.

தேவாலய மண்டபத்தில் நடந்த அஞ்சலிக்கு சயீதையும் அழைத்திருந்தேன். வருவான் என்று நினைக்கவில்லை. கூட்டம் முடியும் நேரத்தில் உள்ளே வந்தான். தோளில் பட்டைகள் கூடியிருந்தன. மேடையிலிருந்த அக்காவின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கடைசி வரிசையில் சுவர் ஓர நாற்காலியில் உட்கார்ந்தான். மேடையில் யாரோ 'சாந்த சொரூபி' என்று ஆரம்பித்தார். அவன் முதுகை நிமிர்த்திச் சுவரோடு சேர்த்தான். முழங்கால்கள் இரண்டையும் ஒன்றாக வைத்தான். முன்வரிசை நாற்காலியில் அவை இடித்தன. என்னைப் பார்த்து, மெதுவாக, தெளிவான தமிழில் சொன்னான்: "ஒட்டு."

நான் எழுந்து போய் அவன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தேன். கை போகவில்லை, அக்கா. நீங்கள் அளந்தது சரிதான். போய் வாருங்கள்.