கோட்டை நிற்கும் மூன்று ஊர்கள்

நான் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற வருடத்தில் எங்காவது போய்வர வேண்டும் என்று முதலில் சொன்னவள் என் மகள்தான். டென்மார்க்கில், புரொண்பியில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. வசந்த காலத்தோடு அது முடிவதாக இருந்தது. மகள் கோப்பன்ஹேகனில் தனியே இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலில் வந்து எங்களோடு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போவாள். மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிறன்று, சாப்பிட்ட கோப்பைகளை ஒதுக்கிவிட்டுக் கணினியை மேசையில் விரித்தாள்.

"அம்மா, இஞ்ச வந்து பாருங்கோ" என்றாள். அவ்வளவுதான் தமிழ். மிச்சமெல்லாம் டேனிஷ். அவள் அந்த மொழியில் கேட்பதும் நான் தமிழில் பதில் சொல்வதும் எங்களுக்குப் பழகிப்போன ஒன்று.

திரையில் ஒரு வரைபடம். இடது பக்கம் கிரேக்கத்தின் தீவுகள், வலது பக்கம் துருக்கியின் கரை. கிரேக்கத்தில் ஒரு தீவில் இறங்கிச் சில நாள் நிற்பது, பிறகு படகில் துருக்கிக்குப் போய்க் கரையோர ஊர்களில் ஒவ்வொன்றாகத் தங்கிக்கொண்டு வருவது. இதுதான் அவள் போட்டிருந்த திட்டம். குளிரும் வெக்கையும் இல்லாத மாதமாகப் பார்த்து வைத்திருந்தாள். தீவுக்கும் கரைக்கும் நடுவே விரலை வைத்துக் காட்டினாள்.

"தூரமில்லை அம்மா. படகில் ஏறி ஒரு கோப்பி குடித்து முடிய அங்கே நிற்கலாம்."

அந்த விரல் நின்ற இடத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நகத்தின் அகலம்கூட இல்லாத நீலம். எழும்பிக் குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். கழுவ அங்கே ஒன்றும் இருக்கவில்லை. மகள் பின்னால் வந்து நின்றாள். "வொஃபோ க்ரேடர் டூ, மோர்?" ஏன் அழுகிறீர்கள் அம்மா என்று கேட்டாள்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். எங்கள் கலியாணப் படத்தில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பவன் அவன்தான். மகள் பிறந்ததிலிருந்து அந்தப் படத்தைப் பார்க்கிறாள். மாமா சண்டைக் காலத்தில் ஊரில் காணாமல் போனார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நாங்கள் அப்படிச் சொன்னதில்லை. வேறு மாதிரிச் சொல்லவுமில்லை. எங்கள் வீட்டில் அவனைப் பற்றிய கதை எப்போதும் பாதியில் நின்றுவிடும்.

அவன் காணாமல் போனது ஊரில் இல்லை. அந்தக் கடலில்.

அப்போது நாங்கள் ஸ்கீவவில் இருந்தோம். அகதிகளாக வந்தவர்களை நாடெங்கும் பிரித்துக் குடியேற்றியபோது எங்களுக்கு விழுந்த ஊர் அது. மகள் கைக்குழந்தை. தம்பி எங்களிடம் வருவதற்காகக் கொழும்பிலிருந்து புறப்பட்டு, எங்கெங்கோ நின்று, கடைசியில் துருக்கிக்கு வந்து சேர்ந்திருந்தான். ஒரு பின்னேரம் தொலைபேசி அடித்தது. இரைச்சலுக்கு நடுவே அவன் குரல்.

"அக்கா, நான்தான். கடற்கரையில நிக்கிறன். எதிரில ஒரு தீவு தெரியுது. அதுதான் கிரீஸாம். நீந்தியே போயிடலாம் போல கிடக்கு."

"விசர்க்கதை கதையாத. நீ நிக்கிற ஊரின்ர பேர் என்ன?"

"பேர் வாயில வருதில்லை அக்கா. கரையில ஒரு பழைய கோட்டை நிக்குது. எங்கட யாழ்ப்பாணக் கோட்டை மாதிரி உடைஞ்சு கிடக்கேல்லை, வடிவாக் கிடக்கு. டென்மார்க்கில சரியான குளிரோ?"

"ஓம். உனக்கொரு ஜாக்கெட் வாங்கி வச்சிருக்கிறன். கவனமா வா."

"வாறன் அக்கா" என்றான். சரியாகச் சொல்லி முடித்தானா, அதற்குள் இணைப்பு அறுந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

பிறகு அழைப்பு வரவில்லை. அவனோடு வந்தவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவன் பயணத்தை ஒழுங்கு செய்தவனின் தொலைபேசி வேலை செய்யவில்லை. காணாமல் போனவர்களைத் தேடுகிற இடங்களுக்கெல்லாம் எழுதிப்போட்டோம். அப்படி ஒருவர் எந்தப் பதிவிலும் இல்லை என்றுதான் பதில்கள் வந்தன. மாதக்கணக்கில் நானும் கணவரும் ஒரே நேரத்தில் வீட்டை விட்டு வெளியே போனதில்லை. ஒருவர் தொலைபேசிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பிறகு புரொண்பிக்கு வீடு மாறியபோதும் அதே நம்பரைக் கூடவே கொண்டுவந்தோம். அவனுக்குத் தெரிந்தது அந்த ஒரு நம்பர்தான்.

யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மா ஒவ்வொரு முறை கதைக்கும்போதும் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்பார். "தம்பி உங்களோட கதைச்சவனோ?" எங்கோ ஒரு நாட்டுச் சிறையில் மகன் இருக்கிறான் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை இருந்தவரைக்கும் நாங்கள் யாரும் வேறு வார்த்தை சொல்லவில்லை. ஒரு விளக்கு ஏற்றவில்லை, ஒரு கிரியை செய்யவில்லை. அம்மா போன வருடம் இறந்தார். அதற்குப் பிறகும் என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

இவ்வளவையும் நான் குசினியில் நின்றபடியே மகளுக்குச் சொன்னேன். அவள் அழவில்லை. குழாயைப் பூட்டிவிட்டுக் கேட்டாள்.

"அவருக்கு அப்ப என்ன வயது?"

"இருபத்திரண்டு."

"என்னைவிட எவ்வளவு சின்னவர்" என்றாள். பிறகு மேசைக்குப் போய், தான் போட்டிருந்த திட்டத்தை முழுதாக அழித்தாள். பயணம் வேண்டாமென்று அழித்தாளாக்கும் என்று நினைத்தேன். அவள் திரும்பி, "கோட்டை என்றுதானே சொன்னவர்? கரையில் கோட்டை, எதிரில் தீவு. வேறு ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் துருக்கியின் கரையோரத்தில்தான் கழிந்தன. மகள் ஊர் ஊராகப் படங்களை எடுத்துக் காட்டுவாள். இங்கே கோட்டை இருக்கிறது, தீவு தெரியாது. இங்கே தீவு தெரியும், கோட்டை இல்லை. அப்படிக் கழித்துக் கழித்து வந்தபோது மூன்று ஊர்கள் மிஞ்சின. செஷ்மே, குஷாதாசி, போட்ரும். மூன்றிலும் கடலோரத்தில் கோட்டை. மூன்றுக்கும் எதிரில் ஒவ்வொரு கிரேக்கத் தீவு. எது என்று சொல்ல என்னால் முடியவில்லை. பேரைக் கேட்டால் நினைவு வருமென்று அவள் ஒவ்வொன்றையும் துருக்கியர் சொல்கிற மாதிரியே ஒலிக்கவிட்டாள். மூன்றுமே எனக்குப் புதிதாகத்தான் இருந்தன.

"அப்படியென்றால் மூன்றுக்கும் போவோம்" என்றாள்.

கிரேக்கத்தின் சியோஸ் தீவிலிருந்து தொடங்குவது, அங்கிருந்து படகில் செஷ்மே, பிறகு பஸ்ஸில் கரையோரமாகத் தெற்கே குஷாதாசி, போட்ரும். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. கடைசியாகத் துருக்கியிலிருந்து கிரேக்கத்துக்குக் கடலால் வர வேண்டும். அவன் வரவேண்டியிருந்த திசையில். மகள் அதை இரண்டாம் முறை கேட்கவில்லை. போட்ரும்மிலிருந்து கோஸ் தீவுக்குப் படகு, கோஸிலிருந்து விமானத்தில் வீடு என்று திட்டத்தை முடித்தாள். "விசா?" என்று கேட்டேன். எங்கள் கடவுச்சீட்டுக்கு எங்கேயும் விசா வேண்டாமாம். அதைக் கேட்டுச் சந்தோசப்பட வேண்டியதுதான் முறை.

வேலையிடத்தில் கூட வேலை செய்கிற டேனிஷ் பெண் ஒருத்தி, துருக்கிக்குப் போகிறேன் என்றதும் கையைத் தட்டிச் சிரித்தாள். அவள் அந்தக் கடலில் குளித்திருக்கிறாளாம். வெதுவெதுப்பான, கண்ணாடி மாதிரித் தண்ணீராம். நீச்சலுடை மறந்துவிடாதே என்றாள். நானும் சிரித்து, மறக்கமாட்டேன் என்றேன்.

கணவர் வரவில்லை. "கடலைப் பாத்து என்ன செய்யப்போறீர்? அது ஏதும் சொல்லப்போகுதோ?" என்று ஒருநாள் கேட்டார். பயணச்சீட்டு எடுக்கிற நேரத்தில் மகள் அவரைக் கடைசியாக ஒருமுறை கேட்டாள். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு, "நீங்கள் போங்கோ. வீட்டில ஒராள் நிக்க வேணும்" என்றார். மகளுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

மே மாதம் போனோம். செஷ்மேயில் கோட்டைக்குக் கீழே ஐஸ்கிரீம் விற்றார்கள். எதிரில் தீவு தெரிந்தது. ஒரு முழு நாள் கரையில் நடந்தேன். இங்கேதான் நின்றானோ என்று தோன்றியது. குஷாதாசியில் கோட்டை கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றது. அங்கேயும் அப்படியே தோன்றியது. பழைய தொலைபேசிக் கூண்டு ஏதும் மிஞ்சியிருக்குமோ என்று மகள் கடைக்காரர்களிடம் விசாரித்தாள். அவர்கள் தலையை அசைத்துத் தங்கள் கைத்தொலைபேசியை எடுத்து நீட்டினார்கள், கதைக்க வேண்டுமானால் கதையுங்கள் என்று. நல்ல மனிதர்கள். போட்ரும்மிலும் கோட்டை, போட்ரும்மிலும் தீவு. ஏதாவது ஒரு ஊரில் கால் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிடும் என்று வெளியே சொல்லாமல் நம்பியிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. மூன்று இடத்திலும் அவன் நின்றான், மூன்று இடத்திலும் இல்லை.

போட்ரும்மில் கடைசிப் பின்னேரம் கோட்டைச் சுவரோரமாக இருந்தோம். மகள் தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டாள்.

"மாமா... பயந்தவரோ?"

"போனில பயந்த மாதிரித் தெரியேல்லை பிள்ளை. சிரிச்சவன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அறைக்குத் திரும்பும் வரைக்கும் விடவில்லை.

மறுநாள் காலை படகு. சுற்றுலாக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். நான் வெளியே, கம்பிப் பக்கமாக இருந்தேன். நடுக்கடலில் ஏதாவது சொல்ல வேண்டும், தேவாரமாவது ஒன்று படிக்க வேண்டும் என்று குளிர்காலம் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். எது நடுக்கடல் என்று தீர்மானிக்க முதலே கோஸின் வீடுகள் ஜன்னல் ஜன்னலாகத் தெரியத் தொடங்கிவிட்டன. படகு கரையைத் தொட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். இவ்வளவு கிட்ட இருந்திருக்கிறதே.

கடவுச்சீட்டு பார்க்கிற இளைஞன் என்னுடையதைப் பிரித்துப் படத்தோடு ஒப்பிட்டு, நிமிர்ந்து பார்த்து, "வெல்கம்" என்றான். அதற்குப் பிறகு என்னால் நகர முடியவில்லை. வரிசை பின்னால் நின்றது. அவன் பயந்துபோய், தான் ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டேனா என்று மகளிடம் கேட்டான். இல்லை, இல்லை என்று சொல்லி அவள் என்னை அணைத்து நடத்திக்கொண்டு போய் வெளியே ஒரு மரத்தின் கீழ் இருத்தினாள். அங்கேதான் நான் அழுதேன். தம்பி செத்துவிட்டான் என்று வாய்விட்டுச் சொன்னதும் அங்கேதான். தமிழில்தான் சொன்னேன். பக்கத்தில் போனவர்களுக்கு விளங்கியிருக்காது.

வீட்டுக்கு வந்தபோது கணவர் கதவைத் திறந்து, பெட்டியை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டனியளோ?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கிழமை கோயில் ஐயரைப் போய்ப் பார்த்தோம். இறந்த நாள் தெரியாது என்றோம். அப்படியானவர்களுக்கு ஒரு அமாவாசையில் செய்யலாம் என்றார். ஆடியில் செய்தோம். எள்ளையும் தண்ணீரையும் கணவர்தான் இறைத்தார்.

மகள் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். வந்தால் மாமாவைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்பாள். என்ன சாப்பிடுவார், கிரிக்கெட் விளையாடுவாரா, குரல் எப்படி இருக்கும். மாம்பழத்தைத் தோலோடு தின்பான் என்று சொன்னேன். பாட்டுப் பாடினால் சுதி தப்பும் என்றேன். சைக்கிளில் கையை விட்டு ஓடி விழுந்து பல் உடைந்ததையும் சொன்னேன். இருபத்திரண்டு வருடம் மட்டுமே இருந்த ஒருவனைப் பற்றி எவ்வளவு சொல்ல முடியும்? போன கிழமை அவள் கேட்டதற்கு, முதலே சொன்ன ஒன்றைத்தான் திரும்பவும் சொன்னேன். அவள் புதிதாகக் கேட்பது போலவே கேட்டுக்கொண்டிருந்தாள்.