தலைப்பில் நீர்மட்டம், கீழே கதை

நான் உரக்கடைக்காரன். நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி போகிற சாலையில் கடை. யூரியா, பொட்டாஷ், வேப்பம் புண்ணாக்கு, பூச்சிமருந்து. இந்த நாற்றத்துக்கு நடுவில் உட்கார்ந்து சிறுகதை எழுத முடியுமா என்று கேட்டால், முடியும். நான் எழுதினேன். அதை யாரால் வாசிக்க முடியும் என்று கேட்டால்தான் பதில் சொல்லக் கஷ்டம்.

பத்திரிகைகளுக்கு அனுப்பிய கதைகள் திரும்பி வந்தன. சில திரும்பிக்கூட வரவில்லை. அந்தக் காலத்தில்தான் இணையத்தில் ஆளாளுக்கு வலைப்பூ தொடங்கிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் கிடையாது, தபால்தலை கிடையாது, வருத்தம் தெரிவிக்கும் அச்சடித்த அட்டை கிடையாது. எழுதி ஒரு பொத்தானை அமுக்கினால் உலகம் முழுவதும் பிரசுரம். பில் போடுவதற்காக வாங்கிய கம்ப்யூட்டரில் நானும் ஒன்று தொடங்கினேன். உலகம் முழுவதும் பிரசுரமாவது வேறு, உலகத்தில் ஒருவராவது வாசிப்பது வேறு என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் மண்டையில் ஏறியது.

தமிழில் எழுதுகிற எல்லோருடைய பதிவுகளையும் ஒரே பக்கத்தில் வரிசையாகக் காட்டும் திரட்டிகள் அப்போது உண்டு. புதிதாகப் பதிவு போட்டால் முதல் இடம். அடுத்தவர் போட்டதும் ஒரு படி கீழே. மாதக்கணக்கில் உயிரைக் கொடுத்து எழுதிய கதை, நான் எதிர்க்கடையில் சாயா குடித்துவிட்டு வருவதற்குள் காணாமல் போயிருக்கும். பின்னூட்டம் வராமல் இல்லை. 'மீ த பர்ஸ்ட்டு' என்று ஒருவர் எழுதுவார். முதலில் வந்தாராம். வந்தவர் வாசித்தாரா என்பது பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அதற்குக் கீழே இன்னொருவர் 'ரிப்பீட்டே' என்பார். எதை ரிப்பீட் செய்கிறார் என்று மேலே பார்த்தால் அந்த 'மீ த பர்ஸ்ட்டு' மட்டும்தான் கிடக்கும். 'விரிவான பின்னூட்டம் பிறகு' என்று ஒரு பெரியவர் எழுதினார். அவருக்காக நான் இன்னும் காத்திருக்கிறேன்.

எனக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றும் இல்லை. யாராவது ஒருவர் என் கதையைத் தலை முதல் கால் வரை வாசித்துவிட்டு நல்லது கெட்டது சொல்ல வேண்டும். திட்டினாலும் சரி. மனைவியிடம் கேட்டுப் பார்த்தேன். "நீங்க பேசுகத தெனமும் கேக்கேன்லா, எழுதுகத வேற வாசிக்கணுமா?" என்று கேட்டாள். அதில் நியாயம் இருந்ததால் மேற்கொண்டு பேசவில்லை.

எங்கள் நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூவோ கும்பப்பூவோ, எந்த நெல் போகமானாலும் நடவுக்கு நாள் குறிப்பது ஜோசியர் இல்லை, பேச்சிப்பாறை அணை. அதனால் கடைக்கு வருகிறவர்கள் யூரியா விலையைக் கேட்பதற்கு முன்னால் அணையில் எத்தனை அடி என்றுதான் கேட்பார்கள். அணைப் பக்கத்தில் வாழை போட்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர் காலையில் போனில் சொல்லிவிடுவார். நான் அதை வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதி வைப்பேன். ஒருநாள் வலைப்பூவில் போட எதுவும் கையில் இல்லை. சும்மா கிடப்பானேன் என்று அன்றைய நீர்மட்டத்தைத் தலைப்பாகப் போட்டு, கீழே மேற்குமலையில் சாரல் என்று ஒரு வரியும் எழுதி விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அத்தானிடமிருந்து போன் வந்தது. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அக்காவோடு மஸ்கட்டில் இருக்கிறார், அங்கே ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, அன்றுதான் பேசுவார். ஊரில் இருக்கிற வயலைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, விட்டுவிட்டு, அங்கே ஏசியில் உட்கார்ந்து அதற்குத் தண்ணீர் பாயுமா என்று கவலைப்படுகிறவர்.

"மாப்ள, இப்பத்தான் நீ உருப்படியா ஒண்ணு எழுதியிருக்க. தெனமும் இதப் போடு, கேட்டியா."

"அப்ப நீங்க தெனமும் என் பக்கத்துக்கு வாறியளா அத்தான்?"

"நான் எதுக்குலே வரணும்? ஒனக்க பக்கத்துல மூலையில ஆரஞ்சுக் கலர்ல ஒரு பட்டன் கெடக்குல்லா, அத அமுக்கிப் போட்டிருக்கேன். நீ போட்டா எனக்க ஸ்கிரீன்ல தானா வந்து விழும்."

அதுதான் செய்தியோடை என்று பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். கடைக்குப் போய்ப் பால் வாங்குவதற்கும் பால்காரர் வாசலில் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போவதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஒருமுறை சந்தா சேர்ந்துவிட்டால் போதும், நான் எழுதுவது அவரவர் வைத்திருக்கும் ரீடர் என்ற பெட்டியில் போய் விழுந்துவிடும். யாரும் என் பக்கத்தை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

தினமும் போட ஆரம்பித்தேன். சந்தாதாரர்கள் கூடிக்கொண்டே போனார்கள். வளைகுடாவில் இருக்கிற நாஞ்சில்நாட்டார் ஒருவருக்கொருவர் சொல்லி, எண்ணிக்கை நூறைத் தாண்டியது. என் கதைகள் எதுவும் அந்த நூறைக் கனவில்கூடக் கண்டதில்லை. அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. தலைப்பில் நீர்மட்டம், கீழே கதை. நூறு பேருடைய வாசலுக்கும் என் கதை நேராகப் போய்விடும். இவ்வளவு சுலபமான வழி எந்த எழுத்தாளனுக்கும் தோன்றவில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கைவசம் இருந்த கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். ஒரு மாதம் போனது. ஒரு குஞ்சுகூடக் கதையைப் பற்றி மூச்சு விடவில்லை. சந்தேகம் வந்து, ஒரு கதையின் நடுவில் ஒரு வரி சொருகினேன்: 'இந்த இடம் வரைக்கும் வாசித்தவர் கடைக்கு வந்து சொன்னால் ஒரு மூட்டை யூரியா இலவசம்.' நடவு நேரம், யூரியாவுக்கு அடிபிடியாக இருந்த சமயம். மூட்டையை எடுத்துத் தனியாகவும் வைத்தேன். யாரும் வரவில்லை. உள்ளூரில் சந்தா சேர்ந்திருந்த விவசாயிகள் காசு கொடுத்து யூரியா வாங்கிக்கொண்டு, அந்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை அத்தானிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

"தலைப்புலதான் அடி எழுதியிருக்கே மாப்ள. பொறவு எதுக்கு உள்ள போகணும்? அதுக்குக் கீழ நீளமா என்னமோ கெடக்கும். உரத்துக்கு வெளம்பரம்னு விட்டிருவேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. பிடிக்காத கதை என்றால் பொறுத்துக்கொள்ளலாம், விளம்பரம் என்றால் எப்படிப் பொறுப்பது? வலைப்பூவின் அமைப்புப் பக்கத்துக்குள் போனேன். ஓடையில் முழுப்பதிவும் போகலாம், பாதி போகலாம் என்று இரண்டு வழி இருந்தது. பாதி என்பதை அமுக்கினேன். தலைப்பிலிருந்து அடியை எடுத்துவிட்டு 'இன்றைய நீர்மட்டம் உள்ளே' என்று மாற்றினேன். அடியைக் கதையின் கடைசி வரிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன். இனி தண்ணீர் வேண்டுமென்றால் கதையைத் தாண்டித்தான் போக வேண்டும். வாங்கடே பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

வந்தார்கள். வலைப்பூ தொடங்கியதிலிருந்து அவ்வளவு பின்னூட்டம் நான் பார்த்ததில்லை. 'அண்ணாச்சி, நடவு நேரத்துல வெளயாடாதீங்க' என்று ஒருவர். 'அடி எவ்வளவுன்னு யாராவது சொல்லுங்கடே, கதையத் தாண்டிப் போக முடியல்ல' என்று இன்னொருவர். உடனே மூன்றாவது ஆள் அங்கேயே அடியை எழுதிப் போட்டுவிட்டார். அதற்குக் கீழே குலசேகரத்தில் நல்ல மழை என்று ஒருவர், தோவாளைக் கால்வாயில் இன்னும் தண்ணி வரல்ல என்று ஒருவர், மடையை யாரோ ராத்திரி அடைத்துவிட்டார்கள் என்று ஒருவர், அடைத்தது நீதான் என்று ஒருவர். தினமும் இதே கூத்து. பின்னூட்டங்களுக்கென்று தனியாக ஓர் ஓடை உண்டு என்பது எனக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எல்லோரும் அதற்கும் சந்தா சேர்ந்து, அதை மட்டும் பார்க்க ஆரம்பித்தார்கள். என் வீட்டுத் திண்ணையை மட்டும் எடுத்துக்கொண்டு கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

ஒருநாள் வாழை வாடிக்கையாளர் போன் செய்ய மறந்துவிட்டார். கரும்பலகை காலியாக இருந்தது. கடைக்கு வந்த ஒருவர் போனைப் பார்த்து எனக்கே அடியைச் சொன்னார்.

"எங்க பாத்து சொல்லுகியோ?"

"ஒங்க பக்கத்துலதான் அண்ணாச்சி. நீங்க எழுதினது இல்ல, கீழ உள்ளது."

அந்த வாரமே, புதன்கிழமை காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமை தவிர வேறு கிழமையில் வளைகுடாவிலிருந்து போன் வந்தால் எங்கள் பக்கத்தில் அது கெட்ட செய்தி என்றுதான் அர்த்தம். அதுவும் அக்கா தானாகப் போன் செய்யமாட்டாள். அத்தான் பேசி முடித்துக் கொடுத்தால் சாப்பிட்டியா, பிள்ளைகள் சுகமா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறவள். கடை நிறைய ஆள். எடை போட்டுக்கொண்டிருந்த புண்ணாக்கை அப்படியே விட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

"ஏலே, அவ பொழச்சாளா, செத்தாளா?"

"யாருக்கா?"

"ஆட்டோல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவல்லா, அவதான். அந்த எடத்தோட நிறுத்திப் போட்ட. அதுக்கு மேல ஒண்ணும் காணல்ல."

யார், எந்த ஆஸ்பத்திரி என்று எனக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. என் கதை. நான் பாதியில் வெட்டிவிட்ட கதை.

"செத்துட்டாக்கா," என்றேன்.

கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஒருவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "எப்ப எடுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார். சாவு என்று கேட்டால் எங்கள் ஊரில் முதல் கேள்வி அதுதான். கதையில் வந்த சாவு என்று அவருக்கு விளக்குவதைவிட வெளியே போவது மேல் என்று ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

அத்தான் தலைப்பைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பிய பிறகு அதே கம்ப்யூட்டரில் அக்கா உட்காருவாளாம். தலைப்புக்குக் கீழே இருப்பதை எழுத்துக் கூட்டாத குறையாக ஒவ்வொரு வரியாக வாசிப்பாளாம். ஆரம்பத்திலிருந்தே எல்லாக் கதையும் வாசித்திருக்கிறாள். பாதிக்கு மேல் வேண்டுமென்றால் எதையோ அமுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அந்த நூறு பேரைத் தண்டிக்க நான் போட்ட பூட்டு, உலகத்திலேயே எனக்கு இருந்த ஒரே வாசகியைத்தான் வெளியே நிறுத்தியிருக்கிறது. நூறு பேரும் பின்வழியாக வந்து சௌகரியமாக இருந்தார்கள்.

"ஓசி யூரியா வரைக்கும் வாசிச்சியா?"

"வாசிச்சேன். அத வச்சு மஸ்கட்டுல நான் என்னத்த வெளைய வைக்க?" என்றவள், "அதுகெடக்கட்டு, நான் ஒண்ணு கேக்கேன். ஒனக்க கதையில வாற அக்கமாரெல்லாம் ஏம்ல செத்துப் போறாளுவ?" என்றாள்.

"எல்லாருமா?"

"கெணத்துல விழுந்தா ஒருத்தி. மஞ்சக்காமால ஒருத்தி. ஒருத்திய பஸ்ல வச்சே கொன்ன. இப்ப இவ. அக்கான்னு ஒருத்தி வந்தாலே எனக்குத் தெரிஞ்சு போவும், இவளுக்கு வாய்க்கரிசி ரெடின்னு."

எழுதியவன் நான், ஆனால் அதுவரை எனக்கு அது தெரியாது. அக்கா கல்யாணமாகி மஸ்கட்டுக்குப் போன அன்று திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அம்மா அழுதாள், அப்பா அழுதார், நான் மட்டும் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றேன். பையனுக்குத்தான் எவ்வளவு தைரியம் என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். வீட்டுக்கு வந்து அவள் படுத்த கட்டிலில் படுத்தபோதும் அழவில்லை. அன்று அழாததை எல்லாம் கதைக்குக் கதை எழுதித் தீர்த்திருக்கிறேன் என்று ரோட்டோரத்தில் நின்றபோதுதான் விளங்கியது. அவளிடம் அதைச் சொல்லவில்லை. "சும்மா அமைஞ்சு போச்சுக்கா," என்றேன்.

"ஆங்," என்றாள். நம்பவில்லை என்று தெரிந்தது.

அன்றைக்கே ஓடையை முழுப்பதிவுக்கு மாற்றினேன். அடியையும் தலைப்பிலேயே திரும்ப வைத்தேன். பிறகு அவளுக்காக ஒரு கதை எழுத உட்கார்ந்தேன். அக்கா சாகாத கதை. என்ன கஷ்டம் வந்தாலும் அவளைத் தொடக்கூடாது என்று முடிவு செய்து, கண்ணாடிச் சாமானை எடுத்து வைப்பதுபோல எழுதி முடித்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை அத்தான் கையிலிருந்து அவளே போனை வாங்கிக்கொண்டாள்.

"வாசிச்சேன்."

"எப்படியிருக்கு?"

"கொள்ளாம்." எங்கள் பக்கத்தில் பரவாயில்லை என்று அர்த்தம். "ஆனா சப்புன்னு இருக்குல."

"அவ உயிரோட இருக்காளேக்கா."

"இருக்கா. இருந்து என்ன செய்யா? காப்பி போடுகா, துணி காயப் போடுகா. கண்ணுல ஒரு சொட்டு வரல்ல. மத்த கதையெல்லாம் வாசிச்சா சோறு வடிக்க மறந்து அழுதிட்டிருப்பேன். எனக்காக ஒண்ணும் பாக்காத மக்கா. கொன்னுரு."

இத்தனை வருஷம் நான் தேடிய வாசகர் இப்படித்தான் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன். அவள் சொன்னது அவ்வளவும் சரி. ஆனால் அதன் பிறகு எத்தனை தடவை உட்கார்ந்தாலும், அக்கா என்று ஒருத்தியை எழுதிய உடனே மஸ்கட்டில் அத்தானை வேலைக்கு அனுப்பிவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள் கண்ணுக்குள் வந்து நின்றுவிடுகிறாள். கை ஓடமாட்டேன் என்கிறது.

அந்த ரீடரை நடத்தியவர்கள் அதை மூடிவிட்டார்கள். திரட்டிகளும் போய்விட்டன. இப்போது அணையின் நீர்மட்டத்தை ஆளாளுக்குப் படம் பிடித்து வாட்ஸப்பில் போடுகிறார்கள், எனக்கே பத்துப் பேர் அனுப்புகிறார்கள். நான் மட்டும் வலைப்பூவில் தினமும் அடியைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அக்கா இப்போது போனிலேயே அதைத் திறந்து பார்க்கப் பழகிவிட்டாள். தலைப்புக்குக் கீழே ஒன்றும் இருக்காது. வெள்ளிக்கிழமை தோறும் கேட்கிறாள்.

"இன்னும் கொல்லல்லியாலே?"

"இல்லக்கா," என்கிறேன்.