அக்காவின் ஈறும் ஒரு பிரஷும்

எங்கள் பேகம்பூர் வீட்டில் ஈறில் ரத்தம் வருவதை யாரும் நோயாக நினைக்கவில்லை. சூடு என்பார்கள். அக்காவுக்கு வந்தபோதும் அம்மா அதையேதான் சொன்னாள். ரத்தம் வருகிற இடத்தில் கை வைக்காதே என்று உமிக்கரியால் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னாள். அக்காவும் வாய் கொப்பளிப்பதோடு விட்டுவிட்டாள். ஈறு இன்னும் சிவந்து வீங்கியது. வாய் நாற்றத்துக்குப் பயந்து என்னிடம்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினாள்.

நான் அப்போது தோல் கிடங்கில் வேலை பார்த்தேன். நச்சரித்து அவளைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் பல்லில் கட்டியிருந்த காறையைச் சுரண்டி எடுத்தார். பிறகு ஒரு பிரஷை எடுத்துத் தாமே ஈறோரமாகத் தேய்த்துவிட்டார்.

"ரத்தம் வருதுன்னு விட்றாதீங்கம்மா. தேய்க்காம விட்டதுனாலதான் வருது" என்றார்.

வாராவாரம் வரச் சொல்லி அவரே தேய்த்தார். வீட்டுக்கும் ஒரு பிரஷ் வாங்கினோம். நோன்பு தொடங்குவதற்குள் ரத்தம் நின்றுவிட்டது. அக்கா வாய்விட்டுச் சிரித்ததை அப்போதுதான் மறுபடி பார்த்தேன்.

அது பொறுக்கவில்லை பக்கத்து வீட்டுக்காரிக்கு. "பிரஷ்ல இருக்கறது பன்னி முடியாம்ல?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனாள். அவ்வளவுதான். பிரஷ் முற்றத்தில் போய் விழுந்தது.

"நோன்பு வைக்கிற வாய்ல ஹராமையா விடுறது?" என்றாள் அம்மா.

தோல் கிடங்குக்காரனுக்கு முடி கருகுகிற நாற்றம் தெரியாதா? பிரஷிலிருந்து நாலைந்து இழைகளைப் பிடுங்கி விளக்கில் காட்டினேன். உருகிச் சுருண்டு கடுகு மாதிரி ஆயின. முடி நாற்றம் துளியும் இல்லை.

"பாருங்கம்மா, இது நைலான்."

அம்மா முகர்ந்து பார்த்தாள். "சரிப்பா, இது நைலானு. அந்த டாக்டரு வாய்க்குள்ள விட்டது?"

வாருங்கள், கேட்டுவிடுவோம் என்று அவளையும் கூட்டிப் போனேன். டாக்டர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "எங்கிட்ட இருக்கறதும் நைலான்தாம்மா. முந்தியெல்லாம் பன்னி முடியில செஞ்சது வரும்" என்றார். அந்த இரண்டாவது பேச்சை யார் கேட்டார்கள் இவரிடம்? அம்மாவின் காதில் அது மட்டும்தான் விழுந்தது.

நோன்பு முழுக்க அக்கா பிரஷைத் தொடவில்லை. மிஸ்வாக் குச்சியாலாவது நன்றாகத் தேய் என்று கெஞ்சினேன். குச்சி ஈறில் பட்டு ரத்தம் தொண்டைக்குள் போனால் நோன்பு முறிந்துவிடும் என்று பயந்து, பல் நுனியோடு நிறுத்திக்கொண்டாள். ராத்திரி நோன்பு திறந்த பிறகு தேய்க்கலாமே என்றால், விடிந்தும் ரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்வது என்றாள். பாதி நோன்புக்குள் ரத்தம் தானாகவே வர ஆரம்பித்தது.

"பாத்தியா, அந்த டாக்டரு தேய்ச்சுத் தேய்ச்சுப் புண்ணாக்கிட்டாரு" என்றாள் அம்மா. எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பெருநாள் முடிந்தும் அக்கா டாக்டரிடம் வரவில்லை. நான் கத்தியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

சில வருஷங்களில் கீழ்வரிசை முன்பற்கள் ஆடத் தொடங்கின. கடைசியில் அதே டாக்டர்தான் அவற்றைப் பிடுங்கினார். வீட்டுக்கு வந்ததும் அம்மா அக்காவின் வாயைத் திறக்கச் சொல்லி, அந்த இடைவெளியை வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு. இனி அந்த எடத்துல ரத்தம் வராது" என்றாள்.

அக்காவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.