ஞாயிற்றுக்கிழமையின் நிறம்

எங்கள் வீட்டில் அப்பாவின் உடம்புக்கு நான்கு நிறங்கள் இருந்தன. நீலம் என்றால் நலம். பச்சை என்றால் பரவாயில்லை. மஞ்சள் என்றால் அம்மாவின் அழுகை. செங்கல் நிறம் என்றால் அன்று முழுவதும் யாரும் யாரோடும் பேசுவதில்லை.

மலாய் நாடு சுதந்திரம் வாங்கவிருந்த ஆண்டு அது. காஜா பேராங் பகுதியில் ஒரு வாடகைப் பலகை வீட்டில் அப்பா, அம்மா, எட்டு வயது மகளாகிய நான். அப்பாவின் கால் பெருவிரலில் செருப்பு கடித்த புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. மருத்துவமனையில் காட்டியபோது இனிப்பு நீர் வியாதி என்றார்கள். கட்டுப் போட்ட டிரெசர், வாயை அடக்காவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று அம்மாவிடம் சொன்னார்.

அப்பா சிரித்தார். “எடுத்தா எடுக்கட்டுமே. இன்னும் ஒம்பது இருக்கு.”

அம்மா சிரிக்கவில்லை. நானும்தான். விரலை எதனால் வெட்டுவார்கள், வெட்டியதை எங்கே வைப்பார்கள் என்ற யோசனையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

டிரெசர் ஒரு தாளும் கொடுத்தனுப்பியிருந்தார். எதை உண்ணலாம், எதைத் தொடவே கூடாது என்று அதில் எழுதியிருந்தது. பிற்காலத்தில் அரசாங்க வேலையில் எத்தனையோ சுற்றறிக்கைகளைப் படித்திருக்கிறேன். சிலவற்றை நானே எழுதியும் இருக்கிறேன். அம்மா அந்தத் தாளை அமல்படுத்தியதுபோல் எதுவும் அமலானதில்லை. மேல்முறையீட்டுக்கே இடம் கிடையாது. பால் டின்னால் அளந்து போடும் அரிசி பாதியாகக் குறைந்தது. கெட்டிப்பால் அலமாரியை விட்டே போனது. தட்டில் கங்கோங் கீரை, பாகற்காய், அவித்த பயறு, ஒரு துண்டு மீன். தனக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் அப்பாவின் மனம் வாடும் என்று மூவருக்கும் அதே சாப்பாடுதான். ஒரு நோயும் இல்லாத எனக்கும் சீனி இல்லாத தேநீர்.

“எனக்கு எதுக்கு?” என்று கேட்டுப் பார்த்தேன்.

“ஒங்கப்பா குடிக்கிறாருல்ல? ஒனக்கு என்னா கேடு?”

ஞாயிறு காலையில் சோதனை. அப்பா ஒரு ஜாம் போத்தலில் சிறுநீர் பிடித்துக் குளியலறையில் வைத்துவிட்டு வருவார். அம்மா, டிரெசர் கற்றுக்கொடுத்தபடி, கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் எட்டுச் சொட்டு விட்டு, துணிக் கவ்வியால் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவாள். நீலம் நீலமாகவே நின்றால் உடம்பில் இனிப்பு இறங்கிவிட்டது என்று பொருள். மூன்று ஞாயிறும் செங்கல்தான்.

“பாத்துப் பாத்துத்தானே ஆக்கிப் போடுறேன்? எங்கேருந்துதான் வருதோ!” என்று அம்மா குழாயைப் பார்த்தே கேட்டாள்.

எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். மாலையில் அப்பா என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் காற்று வாங்கப் போவார். செட்டி கம்பம் என்ற குடியிருப்பின் முனையில் சைக்கிள் தானாக நின்றுவிடும். அங்கே ஒரு செட்டி அம்மாள் ஒண்டே-ஒண்டே விற்பார். தேங்காய்ப்பூவில் புரட்டிய பச்சை உருண்டை. கடித்த மாத்திரத்தில் உள்ளிருக்கும் பனைவெல்லப் பாகு வெடித்து நாக்கெல்லாம் வழியும். பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து மலாயே வீட்டுமொழியாகிவிட்ட செட்டி வம்சம் என்பதால் அந்த அம்மாளுக்குத் தமிழ் வராது. “புங்குஸ்?” என்று, கட்டித் தரட்டுமா என மலாயில் கேட்பார். அப்பா அவசரமாக, “தாப்பாயா, மாக்கான் சினி” என்பார். வேண்டாம், இங்கேயே சாப்பிடுகிறேன். தடயத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதே. நாலு அவருக்கு, ஒன்று எனக்கு.

“அம்மாகிட்ட மூச்சு விடக் கூடாது, என்னா?”

நான் விட்டதில்லை. ஓர் உருண்டைக்கு விலைபோன சாட்சி நான்.

நான்காவது வாரம் டிரெசர் கறாராகச் சொல்லிவிட்டார். “இந்த ஞாயித்துக்கெழமையும் செவப்பா வந்திச்சுன்னா, வார்டுல சேத்துடுங்க அக்கா.” வார்டு என்றால் கத்தி என்பது என் கணக்கு.

அந்த ஞாயிறு அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது நான் குளியலறைக்குப் போனேன். போத்தலைக் கவிழ்த்தேன், கழுவினேன், என்னால் இயன்றதை நிரப்பி இருந்த இடத்திலேயே வைத்தேன். பணியிலிருந்த காலத்தில் பிறர் செய்த தில்லுமுல்லுகள் பலவற்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். இத்தனை சுத்தமாக யாரும் செய்ததில்லை.

மருந்து கொதித்தது. நீலம் அசையவில்லை. அம்மா குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“என்னங்க, இங்க வாங்களேன்! நீலங்க!” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இன்னைக்குப் பாயசம் வைக்கிறேன். ஒரு கரண்டி சாப்புட்டா ஒன்னும் ஆவாது.”

முந்தின மாலை நாலு உருண்டை தின்ற மனிதர் அந்தக் குழாயை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தேன்.

“பாயசம் வேணாம்,” என்றார். “பாவக்கா இருந்தா வையி.”

அம்மா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அன்று மாலை சைக்கிள் செட்டி கம்பத்து முனையில் நிற்கவில்லை. அந்த அம்மாள் கையை உயர்த்தினார். அப்பா மணியை அடித்துவிட்டு மிதித்தார்.

“அப்பா, கடை போயிருச்சு!”

“போவட்டும்.”

“எனக்கு ஒன்னுகூட கெடையாதா?” எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீலம் வாங்கிக் கொடுத்தவளுக்கு இதுவா கைம்மாறு?

திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தார். பிறகு, “ரொம்ப பயந்துட்டியா பாப்பா?” என்று கேட்டார். அவர் தாடை என் உச்சந்தலையில் வந்து அமர்ந்தது. வீடு வரும்வரை அதை எடுக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் சைக்கிள் எங்கேயும் நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு அப்பா போத்தலைக் குளியலறையில் வைக்கவில்லை. தானே கையில் ஏந்திவந்து அம்மாவிடம் கொடுத்தார். காய்ச்சி முடியும்வரை பக்கத்திலேயே நின்றார். நிறம் மெல்ல மாறி மஞ்சளில் நின்றது.

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. “போன வாரம் நீலமா இருந்திச்சே? என்னங்க இது?”

“இதுதான் என்னோடது,” என்றார் அப்பா. “செவப்பு இல்லல்ல? அடுத்த வாரம் பச்சையாக்கிக் காட்டுறேன், பாரு.”

அம்மா அவரைப் பார்த்தாள். போத்தலைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். அடி விழும் என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவள் போய், கல்லிலிருந்த தோசையை எடுத்து என் தட்டில் போட்டாள்.

அப்பாவோ சன்னலோரம் நின்று அந்தக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபமான கோபம். அவ்வளவு அழகான நீலத்தை நான் கொடுத்தபோது ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்காதவர், இந்த மட்டமான மஞ்சளைப் பார்த்து எதற்காக அப்படி முகம் மலர்கிறார் என்று எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை.